மலிவு விலை யாருடைய காணிக்கை?

“கோயில் காரியத்துக்குச் செய்கிற பொருளுக்கு விலையைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். அப்போதுதான் எல்லாரும் வாங்குவார்கள், மேஜையும் காலியாகும்.” தென்மாவட்டக் கிறிஸ்தவச் சபைகளில் எந்தச் சேகரத்தை எடுத்துக்கொண்டாலும், ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முந்திய பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இதை யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். சொன்னதும் எல்லாத் தலைகளும் ஆடும். எதிர்த்துப் பேசுகிறவளுக்குப் பணத்தாசை பிடித்தவள் என்று பெயர் வந்துவிடும் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. கோயில் கூரையை மாற்றவோ, பள்ளிக்கூடத்துக்கு ஒரு வகுப்பறை கட்டவோ, படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டவோ பண்டிகையன்று சங்கம் நடத்துகிற கைவேலை விற்பனை அது. நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. விலையில்தான் குறை. இந்த மலிவு விலைக் கொள்கை கணக்கிலும் தப்பு, நியாயத்திலும் தப்பு என்பது என் வாதம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். டீப்பாயில் போடுகிற வட்டமான குரோஷா விரிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை அடி அகலம், அன்னாசிப்பழ டிசைன், ஓரத்தில் சிப்பி சிப்பியாக ஒரு கரை. கை நன்றாகப் பழகியவருக்கே இரண்டு முழு வேலைநாள், அதாவது பதினாறு மணி நேரம் ஆகும். அதை ஒரே மூச்சில் செய்ய முடியாது. அடுப்பில் சோறு வேகும்போது ஒரு சுற்று, பிள்ளைகள் தூங்கிய பிறகு இரண்டு சுற்று என்றுதான் வளரும். நடுவில் ஒரு கண்ணி தப்பினால் அந்தச் சுற்று முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடியும் போட வேண்டும். பின்னி முடித்ததும் நூலின் முனைகளை ஊசியால் உள்ளே செருகி மறைக்க வேண்டும். கைபட்டு வெள்ளை நூல் பழுப்பேறியிருக்கும். அலசி, வடிகஞ்சியில் முக்கி, துண்டின் மேல் விரித்து, ஒவ்வொரு முனையையும் குண்டூசியால் இழுத்துக் குத்திக் காயவைக்க வேண்டும். அப்போதுதான் அது வட்டமாக நிற்கும். இல்லாவிட்டால் அப்பளம் போல நெளிந்துகொள்ளும்.

நூலுக்கு 110 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கு என்ன போடுவது? பெரிய கூலி எதையும் கேட்க வேண்டாம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025–26இல் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். அதையே போடுங்கள். இரண்டு நாளுக்கு 672. நூலையும் சேர்த்தால் 782. இந்த விரிப்புக்குச் சங்கக் கூட்டத்தில் வைக்கிற விலை 150. “அதுக்கு மேல வெச்சா யாருக்கா வாங்குவா?” என்ற ஒரே கேள்வியில் கூட்டம் முடிந்துவிடும்.

அந்த 150 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அதில் 110 பின்னியவள் தன் கையிலிருந்து நூல் கடையில் கொடுத்த பணம். அவள் ஊசியைத் தொடாமலே அந்த 110 ரூபாயைக் காணிக்கைத் தட்டில் போட்டிருந்தால் கோயிலுக்கு நாற்பது ரூபாய்தான் குறைந்திருக்கும். நாற்பது ரூபாய்க்காக ஒரு பெண் இரண்டு நாள் உழைத்திருக்கிறாள். வாங்கியவரோ 782 ரூபாய் பெறுகிற பொருளை 150க்கு வாங்கிக்கொண்டு, கோயிலுக்கு உதவிய நிறைவோடு வீட்டுக்குப் போகிறார். உண்மையில் அவர் எதையும் கொடுக்கவில்லை. 632 ரூபாய் பெற்றுக்கொண்டிருக்கிறார். விலையைக் குறைக்கும்போது நடப்பது இதுதான். கோயிலுக்குப் போக வேண்டிய காணிக்கை, கோயிலைத் தாண்டி, வாங்குகிறவர் வீட்டு டீப்பாய்க்குப் போய்விடுகிறது.

இங்கே உடனே ஒரு பதில் வரும். “அவள் வேலையைக் காணிக்கையாகத்தானே செய்தாள்? அதற்குக் கூலி போட்டுப் பார்ப்பது என்ன பழக்கம்?” கேட்பதற்குப் பக்தியான பேச்சு. ஆனால் வாதம் என் பக்கம்தான் சாய்கிறது. அவள் வேலையைக் காணிக்கையாகக் கொடுத்தாள் என்பது சரியே. யாருக்குக் கொடுத்தாள்? கோயிலுக்கு. மேஜை முன்னால் நின்று பேரம் பேசுகிற அண்ணாச்சிக்கு அல்ல. காணிக்கையாக வந்த நெல் மூட்டையைச் சேகரக் கமிட்டி சந்தை விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு விற்றால் சும்மா விடுவோமா? வருடாந்தரக் கூட்டத்தில் கணக்கைக் கிழித்துவிட மாட்டோமா? காணிக்கையாக வந்த உழைப்பை அதே ஐந்தில் ஒரு பங்குக்கு விற்கும்போது மட்டும் அது தாழ்மை என்று ஆகிவிடுகிறது. நெல்லைக் கொண்டுவந்து இறக்குகிறவர் ஆண், விரிப்பைக் கொண்டுவந்து வைக்கிறவர் பெண் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை.

இதைப் பற்றி ஒரு புத்தகமே இருக்கிறது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ், ஆந்திராவின் நரசாபுரத்தில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி எழுதி 1982இல் வெளியிட்டது. உலகச் சந்தைக்கு ஏற்றுமதியாகிற சரக்கைச் செய்தவர்களை, வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் ஏதோ பின்னுகிற இல்லத்தரசிகள் என்றே வியாபாரிகளும் மற்றவர்களும் பார்த்தார்கள், அந்தப் பார்வைதான் கூலியை அடிமட்டத்தில் வைத்திருந்தது என்று அவர் காட்டினார். நரசாபுரத்து வியாபாரிக்காவது லாபம் என்று ஒரு காரணம் இருந்தது. நம் சங்கம் லாபம் இல்லாமலே அதே வேலையைச் செய்கிறது.

நம் பக்கத்துப் பழைய கதை வேறு மாதிரி. லண்டன் மிஷன் சங்கத்தின் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்களுடைய மகள் எலைசா 1844இல் மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த லேஸும் கூடவே தேரிக்காட்டுக்குப் போனது. லேஸ் விற்ற பணம் பள்ளிக்கும் போனது, பின்னிய பெண்களுக்குக் கூலியாகவும் போனது. நாகர்கோவில் இருந்த அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை 1855 வரை சட்டப்படி இருந்தது. அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. அந்த லேஸை விற்ற இடத்தில் யாராவது “நல்ல காரியத்துக்குத்தானே, கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்” என்று உட்கார்ந்திருந்தால் எத்தனை பெண்களின் விடுதலை தள்ளிப் போயிருக்கும்? கைவேலையை விற்று ஒரு பொதுக் காரியம் நடத்துவது இந்த மண்ணில் அப்படி நடந்திருக்கிறது. உழைப்பைச் சேர்த்து விலை போட்டதால்தான் அது நடந்தது.

அடுத்த வாதம், குறைந்த விலைக்கு நிறைய விற்கும் என்பது. கடைக்காரருக்கு இது பொருந்தும். அவர் சரக்கு தீர்ந்தால் சூரத்துக்குப் போன் போட்டு இன்னும் நூறு வரவழைப்பார். நம் மேஜையில் இருப்பது பன்னிரண்டு விரிப்பு. 150க்கு விற்றாலும் பன்னிரண்டுதான், 782ஐ முழுமையாக்கி 800க்கு விற்றாலும் பன்னிரண்டுதான். குறைந்த விலை அதிகமாக விற்றுத் தருவதில்லை, சீக்கிரமாக விற்றுத் தருகிறது. காலை ஆராதனை முடிந்த அரை மணியில் மேஜை காலியாகிவிட்டது என்று சங்கக் காரியதரிசி பெருமைப்பட்டால், விலை தப்பு என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். 800க்கு வைத்து ஐந்தே ஐந்து விற்றால்கூட நாலாயிரம். 150க்குப் பன்னிரண்டும் விற்றால் ஆயிரத்து எண்ணூறு. மீதி ஏழும் கையில் இருக்கும், கிறிஸ்துமஸுக்கு மறுபடியும் மேஜை போடலாம்.

இருக்கிறதிலேயே யோக்கியமான வாதம் ஒன்று உண்டு. அது ஏழைகளைப் பற்றியது. விலையை ஏற்றினால் இல்லாதவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டிவரும், கோயில் விழா பணக்காரர் சந்தையாகிவிடும் என்று கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் மலிவு விரிப்பை யார் வாங்குகிறார்கள் என்று ஒரு தடவை நின்று பாருங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து முதலில் வெளியே வருகிறவர்கள், கார் டிக்கியில் இடம் இருக்கிறவர்கள், “இன்னும் ரெண்டு இருக்கா, மருமகளுக்கு அனுப்பணும்” என்று கேட்கிறவர்கள். பீடி சுற்றுகிற பெண் அந்த விரிப்பை 150க்கும் வாங்குவதில்லை, ஐம்பதுக்கும் வாங்குவதில்லை. அவள் வீட்டில் டீப்பாயே கிடையாது. அவள் பெயரைச் சொல்லி மலிவாக்கி, வசதி உள்ளவருக்கு விற்கிறோம். எளியவர்கள் கொடுப்பதற்கு நம் சபைகளில் எப்போதுமே வழி இருந்திருக்கிறது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனியாக வைக்கிற கைப்பிடி அரிசி யாருடைய கண்டுபிடிப்பு? அவர்களும் மேஜைக்கு வர வேண்டும் என்றால் பத்து ரூபாய்க்கு முறுக்கு வையுங்கள், முருங்கைப் போத்தும் கறிவேப்பிலைக் கன்றும் வையுங்கள். விலை குறைந்த பொருள் வேறு, பொருளின் விலையைக் குறைப்பது வேறு.

“கடையில் இதே மாதிரி இருநூறுக்குக் கிடைக்கிறதே” என்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் கசக்கும். கிடைக்கிறது என்றால் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். அது மெஷின் சரக்கு. அதோடு கைவேலையைப் போட்டிக்கு நிறுத்துவதே தப்பு. இதில் சங்கத்துக்கும் ஒரு பாடம் இருக்கிறது. தலையணை உறை, துணிப்பை, கைக்குட்டை என்று மெஷின் வெற்றிகொண்ட பொருட்களை வருடா வருடம் தைத்துக் குவிப்பதை நிறுத்த வேண்டும். உழைப்புக்கு உரிய விலை கிடைக்காத பொருளைச் செய்யாமல் இருப்பதே மரியாதை. கடையால் ஈடு கொடுக்க முடியாதவை நம்மிடம் நிறைய உண்டு. சீனி கலக்காத கருப்பட்டியில் உருட்டிய முந்திரிக்கொத்து, வெயிலில் மாதக்கணக்கில் ஊறிய நார்த்தங்காய், பழைய அச்சில் சுட்ட அச்சுமுறுக்கு. இவற்றுக்கு விலை சொன்னால் யாரும் கடையைக் காட்டிப் பேச மாட்டார்கள்.

பொருள் செலவை இரண்டால் பெருக்கினால் விலை என்று ஒரு சூத்திரமும் புழக்கத்தில் இருக்கிறது. கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வதால் அதற்கு ஒரு மதிப்பு. முந்திரியும் நெய்யும் கொட்டிச் செய்கிற கேக்குக்கு அது ஓரளவு சரிவரும், அங்கே பொருள்தான் பெரிய செலவு. லேஸில் பொருள் ஒன்றுமே இல்லை, எல்லாம் நேரம். 110ஐ இரண்டால் பெருக்கினால் 220. பதினாறு மணி நேரத்துக்கு 110 ரூபாய், மணிக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. எது மெல்லியதோ, எது அதிக நேரம் பிடிக்கிறதோ, அதைத்தான் இந்தச் சூத்திரம் அதிகமாகத் தண்டிக்கிறது.

நம் ஜனங்கள் விலை கொடுக்க மாட்டார்கள் என்று நினைப்பவர்கள் பண்டிகையன்று மத்தியானம் நடக்கிற ஏலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரட்டும். அதே கோயில், அதே ஜனம். முதல் ஈட்டில் வெட்டிய வாழைத்தார், ஒரு சேவல், ஒரே ஒரு தேங்காய். “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று குரல் ஏறும்போது தேங்காய் ஆயிரத்தைத் தாண்டும். எடுத்தவரே “திரும்ப ஏலம் விடுங்க” என்று கொடுத்துவிடுவதும் உண்டு. காலையில் 150 ரூபாய் விரிப்புக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொன்ன அதே அண்ணாச்சிதான் மத்தியானம் தேங்காய்க்குக் கை தூக்குகிறார். கோயில் எதுவானாலும் இதுதான் நிலை. 2024 பங்குனி உத்திர விழாவில் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து முருகன் கோயிலில், வேலில் குத்திய ஒன்பது எலுமிச்சம்பழங்கள் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் ஏலம் போயின. அங்கே பிள்ளைவரம் என்ற நம்பிக்கை இருக்கிறது, அதையும் நிதி திரட்டுவதையும் ஒன்றாக்கவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: கொடுக்கிறோம் என்று தெரிந்து நிற்கும்போது யாரும் சந்தை விலையைப் பார்ப்பதில்லை. வாங்குகிறோம் என்று நினைக்கும்போதுதான் பேரம் பேசுகிறார்கள். 150 ரூபாய் அட்டை, இது வாங்குகிற இடம் என்று அவர்களுக்குச் சொல்லிவிடுகிறது. ஏலத்திலும் கோளாறு உண்டு. வீம்புக்கு ஏற்றுகிறவர்கள், குடும்பப் போட்டியை மைக் முன்னால் தீர்த்துக்கொள்கிறவர்கள் எல்லாம் வருவார்கள். ஆனால் அங்கே யார் கொடுத்தது என்பதில் குழப்பம் இல்லை.

அந்தக் குழப்பத்தின் உச்சம் குலுக்கல் சீட்டு. பத்து ரூபாய்ச் சீட்டு, முதல் பரிசு கிரைண்டர். “பத்து ரூபாய்தானே, விழுந்தா சரி, விழாட்டி கோயிலுக்கு” என்று சொல்லி விற்பார்கள். இந்தத் தர்க்கம் புதிதல்ல. 1968இல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு அரசு லாட்டரி தொடங்கியபோது, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்றுதான் சொன்னார்கள். அந்த லாட்டரி எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்பதையும் பார்த்தோம். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரி விற்பனையையே தடை செய்தது. கோயில் குலுக்கல் வேறு என்று நினைப்பவர்கள் பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆவது பிரிவைப் படிக்கட்டும். அரசு நடத்தாத, அரசு அனுமதியும் பெறாத லாட்டரியைக் குலுக்க இடம் வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்ல காரியத்துக்கு விலக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை.

சட்டத்தை விடுங்கள், கணக்கே நிற்காது. ஆயிரம் சீட்டு விற்றால் பத்தாயிரம். அச்சுக்கூலி 1,500, கிரைண்டரும் குக்கரும் சேலையும் சேர்ந்து 5,500 என்று வைத்தால் மிஞ்சுவது மூவாயிரம். அதுவும் ஆயிரமும் விற்றால். பத்து ரூபாய்ச் சீட்டு என்று ஒன்று நடைமுறையில் கிடையாது. பத்துச் சீட்டு உள்ள புக் என்றுதான் உண்டு. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு புக்கைக் கொடுத்து வீடு வீடாக அனுப்புவோம். விற்காத சீட்டுக்கு அப்பா நூறு ரூபாய் கட்டுவார். மலிவு என்பது அட்டையில் மட்டும்தான்.

குலுக்கலைச் சட்டம் அனுமதிக்கிற இடங்களில்கூட இப்படி விடுவதில்லை. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்படி விழாவோடு சேர்த்து நடத்துகிற சிறு குலுக்கலில், வசூலிலிருந்து நடத்தும் செலவுக்கு 100 பவுண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது, பரிசு வாங்க 500 பவுண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. அதற்கு மேற்பட்ட பரிசெல்லாம் யாராவது நன்கொடையாகத் தந்ததாக இருக்க வேண்டும். பதிவு செய்த சங்கங்கள் நடத்தும் சிறு லாட்டரியில் எல்லாச் சீட்டுக்கும் ஒரே விலை. ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பேச்சுக்கு இடமில்லை. லண்டனில் தமிழ்ப் பள்ளி விழா நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். பரிசு முழுவதும் நன்கொடையாக வரட்டும். சீட்டு விலையை, மண்டபத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், ஒருவர் யோசிக்காமல் எடுக்கிற நோட்டு எது என்று பார்த்து வையுங்கள். ஆயிரம் பேரிடம் பல்லைக் காட்டுவதைவிட நூறு பேரிடம் நேராகக் கேட்பது மேல். தமிழ்நாட்டில் இருக்கிறவர்கள் குலுக்கலை விட்டுவிடுவதே நல்லது. கையில் ஏலம் இருக்கும்போது அது எதற்கு?

சரி, என்னதான் செய்யச் சொல்கிறேன்? பொருளைக் கொண்டுவருகிறவர் ஒரு துண்டுச் சீட்டில் பொருள் செலவும் வேலை நேரமும் எழுதித் தரட்டும். வேலைக்கு நூறு நாள் வேலைக் கூலியைப் போட்டுச் சங்கம் ஓர் அடிவிலை வைக்கட்டும். அந்த விலைக்குக் கீழே போகப் போதகர் வீட்டு ஐயரம்மாவுக்கும் அதிகாரம் கூடாது. பொருளின் மேல் வெறும் விலையை ஒட்டாமல் இப்படி எழுதுங்கள்: “நூல் 110 ரூபாய். கைவேலை 16 மணி நேரம். விலை 800.” இதைப் படித்த பிறகும் குறைக்கக் கேட்கிற துணிச்சல் நம் ஆட்களில் அதிகம் பேருக்கு இருக்காது. மூன்று மணிக்கு மேல் பாதி விலை என்று கூவுவதை விட்டொழியுங்கள்; அது அடுத்த வருடம் எல்லாரையும் மூன்று மணிக்கு வரப் பழக்குகிறது. விற்காததை ஏலத்தில் வையுங்கள். அங்கேயும் போகாவிட்டால் செய்தவரிடமே நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். அவள் அதைத் தன் மகளுக்குக் கொடுப்பாள். யாரோ ஒருவருக்கு 150க்குத் தூக்கிக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இதெல்லாம் கோயிலுக்குள் வியாபாரம் கொண்டுவருகிற வேலை என்பார்கள். வியாபாரம் ஏற்கனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது, வாங்குகிறவருக்கு மட்டும் லாபம் வருகிற வியாபாரம். பண்டிகை முடிந்து ஞாயிற்றுக்கிழமை கணக்கு வாசிக்கும்போது “பெண்கள் சங்க விற்பனை: ரூபாய் 1,800” என்று ஒரு வரி வரும், கை தட்டுவோம். அதற்கு அடுத்த வரியில் “சங்கத்துப் பெண்கள் கொடுத்த உழைப்பு: ரூபாய் 8,064” என்றும் வாசிக்கச் சொல்ல வேண்டும். இரண்டு வரிகளுக்கும் நடுவே இருக்கிற ஆறாயிரத்துச் சொச்சம் எங்கே போனது என்று சபை கேட்கட்டும். பதில் சொல்ல வேண்டியவர்கள் விலை வைத்தவர்கள்.